மூன்றில் உடைகிறது

மச்சான்,

போன வாரம் உன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. மகன் கோலா தெர்லாவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போனவன், திரும்பும் வழியில் பிரிஞ்சாங் தபால் நிலையத்தில் வாங்கி லோரியின் முன் இருக்கையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். உறை முழுக்கக் கோஸ் இலையின் பச்சை வாசனை. பிரித்தால் உள்ளே நீ இருக்கிறாய். உன் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல், பக்கம் பக்கமாக. எண் கோட்பாடு என்று ஒரு பகுதி, சிறப்புப் பல்லுறுப்புக்கோவைகள் என்று ஒரு பகுதி, இரண்டும் கலந்தவை என்று இன்னொரு பகுதி. கூடவே உன் மாணவர் ஒருவரின் கடிதம். உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். ஐயாவின் இளமைக் காலத்தை அறிந்தவர் இப்போது தாங்கள் ஒருவரே என்று சொல்லி, ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். மிகவும் மரியாதையான பிள்ளை. எனக்குக் கணக்கு வராது என்று நினைத்துப் பல்லுறுப்புக்கோவை என்றால் என்னவென்று கடிதத்தின் அடியில் விளக்கமும் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு வெகு நேரம் நீடிக்கவில்லை.

பட்டியலை மூன்று நாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்குத் தலைப்பே பிடிபடவில்லை. நீ எங்கோ போய்விட்டாய், அதை நான் மறுக்க மாட்டேன். அத்தனை கட்டுரைகளும் உன் உழைப்புதான், உன் மூளைதான். முதல் இரண்டைத் தவிர.

அந்தப் பிள்ளைக்கு எழுத வேண்டிய பக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை உனக்கு எழுதுகிறது. உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால் பதில் வந்திருக்காது. இப்போதும் வராது. அந்த வகையில் பெரிய நட்டமில்லை.

நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்துக் கிராணிகள், கணக்கெழுதுகிற குமாஸ்தாக்கள். நீ ஆபீசில், நான் பேக்டரியில். ஈப்போவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஜப்பான்காரன் வந்து படிப்பைக் கெடுத்து, சண்டை முடிந்து இந்த மலைக்கு வேலைக்கு ஏறி வந்தவர்கள். உன் தங்கை பாக்கியத்தை எனக்குக் கட்டிவைத்ததுகூட நம் சிநேகத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான். நான் பெண் பார்க்க வந்த அன்று பெண்ணைவிட உன்னிடம்தான் அதிகம் பேசினேன், அதுவும் பகா எண்களைப் பற்றி. பாக்கியம் காப்பியை வைத்துவிட்டு நின்று பார்த்தாள். யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அவளுக்கே சந்தேகம் வந்ததாகப் பிற்பாடு சொல்வாள்.

உதவித் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன உயர் இயற்கணிதப் புத்தகம் ஒன்றுதான் நமக்கு மூலதனம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் பேக்டரியின் வாட்டு மாடிக்கு ஏறிவிடுவோம். கொழுந்தை வாடவைக்கும் சாக்குத் துணித் தட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும் மாடி அது. ஞாயிறு இலை வராது. ஆனாலும் சனிக்கிழமையின் சூடு மரத்தில் மிச்சம் இருக்கும். வெளியே மலை முழுக்க ஈரமும் பனியும். நம் தோட்டத்திலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான். தட்டுகளுக்கு இடையில் சம்மணம் போட்டு, தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதுவோம்.

முதலில் கண்டுபிடித்தது உனக்கு நினைவிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு பகா எண்ணுக்கு முன்னால் வரை வர்க்கங்களைக் கூட்டினால், அந்தப் பகா எண்ணாலேயே அது வகுபடுகிறது. ஐந்துக்குப் பார்த்தோம்: ஒன்றும் நான்கும் ஒன்பதும் பதினாறும், ஆக முப்பது. ஏழுக்குத் தொண்ணூற்றொன்று. பதினொன்றுக்கும் சரியாக வந்ததும் நீ எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டைத் தட்டினாய். அடுத்த மாதம் அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அது ஒரு சின்னப் பயிற்சியாகப் போட்டிருந்தது. வெள்ளைக்காரன் முந்திக்கொண்டான் மாப்ளே என்று சொல்லிவிட்டு நீ இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகுதான் நாமே ஒரு பல்லுறுப்புக்கோவைக் குடும்பத்தைக் கட்டினோம். வர்க்கத்துக்கு ஒன்று, கனத்துக்கு ஒன்று என்று அடுக்கு ஏற ஏற ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிற மாதிரி. அதற்கு ரோமன் எழுத்து எதுவும் மிச்சமில்லை என்று ‘க’ என்று பெயர் வைத்தவன் நீ. ‘க’வின் கீழே ஒரு எண், மேலே ஒரு எண், பக்கத்தில் அடைப்புக்குறி. இரண்டுக்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இவற்றின் மதிப்புகள் அதனால் வகுபடும் என்பது நம் விதி. வர்க்கத்துக்கும் கனத்துக்கும் ஐந்தில் பார்த்தோம், ஏழில், பதினொன்றில், பதின்மூன்றில் பார்த்தோம். அதற்கு மேலே போன அடுக்குகளுக்குப் பெரிய பகா எண்களில் மட்டும் பார்த்தோம். மூன்றில் பார்க்கவில்லை. மூன்று சின்னப் பயல், அவன் எங்கே போய்விடப் போகிறான் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். பெரிய எண்களில் சரியாக வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவர்கள் காலடியில் பார்ப்பதில்லை.

உன் எழுத்து கோழி கிளறிய மண். யோசனை பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. சுத்தப்பிரதி எடுப்பது மட்டும் முழுக்க என் வேலை. நீ கிறுக்கிய தாள்கள் அடுப்புக்குப் போகும், நான் எழுதியவை வாட்டு மாடியில் தட்டுகளுக்கு அடியில் இருக்கும். வீட்டில் வைத்தால் ஒரு மழைக்குப் பூஞ்சணம் பூத்துவிடும். கட்டுரை முடிந்ததும் ஆபீஸ் டைப்ரைட்டரில் நீ அடித்தாய், சூத்திரங்களை நான் மையால் எழுதிச் சேர்த்தேன். தலைப்பும் பெயர்களும் வருகிற முதல் பக்கத்தை மட்டும் பிறகு அடித்துக்கொள்கிறேன் என்றாய். இந்தியாவில் ஒரு கணித இதழுக்கு அனுப்பியாயிற்று மாப்ளே என்று நீ வந்து சொன்ன அன்று பாக்கியம் கேசரி கிண்டினாள். நம் இரண்டு பெயரும் எந்த வரிசையில் இருக்கும் என்று நான் கேட்கவே இல்லை. உன் பெயர் முன்னால் இருந்தாலும் எனக்குப் பெருமைதான் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வெகுளி.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அதற்குள் மேலே ஏறி வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் கேட்டுக்குப் பூட்டு, மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கைச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். பாதையில் ஒரு லோரியைச் சுட்டார்கள். அடுத்த நாள் காலையில் போலீஸ் வந்து தோட்டத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியது. வாட்டு மாடியில் ஒருவன் சாக்குத் துணியைத் தூக்கினான், நம் தாள்கள் தரையெல்லாம் பறந்தன. காய்ந்த இடம் என்று வைத்தது அவர்கள் கண்ணுக்கு ஒளித்து வைத்ததாகத் தெரிந்தது. தமிழ் எழுத்து, அதற்கு மேலும் கீழும் எண்கள், அம்புக்குறிகள். சங்கேத மொழி என்று முடிவு கட்ட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? எல்லாம் என் கையெழுத்து.

தோட்டத்து நிர்வாகி துரையின் ஆபீசில் விசாரித்தார்கள். அந்த வெள்ளைக்கார அதிகாரி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இளவயது, களைப்பான முகம். இது கணிதம் என்று நான் சொன்னதை நம்பாமலும் இல்லை, நம்பவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கில் இந்த மாதிரி எழுத்தைப் பார்த்ததில்லை என்றார். படித்தவர் இன்னொருவர் யாராவது இது கணக்குத்தான் என்று சொன்னால் போதும், தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆபீஸ் கிராணியைக் கூப்பிடுங்கள் என்றேன். துரையும், அவன்தான் இங்கே அறிவாளி, அவனுக்குத் தெரியாததா என்றார்.

நீ வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாய். ஒரு தாளில் நின்றாய். அது நீ கண்டுபிடித்த படி, கனத்திலிருந்து நான்காம் அடுக்குக்கு ஏறுகிற இடம். உன் கண் வரி வரியாக அதை வாசித்ததை நான் பார்த்தேன். பிறகு ஓரங்களைத் தட்டிச் சீராக அடுக்கி மேசையில் வைத்தாய். நீ சொன்னது ஆங்கிலத்தில்தான். எனக்கு என்னவோ அது இன்றும் தமிழிலேயே கேட்கிறது.

“இது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க, துரை.”

அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டு வருடம் கீழே ஒரு தடுப்பு முகாமில் இருந்தேன்.

இதை நான் ஆறப்போட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்புவாயா? முகாமில் படுத்துக்கொண்டு உனக்காக நானே வாதாடினேன். சென்னையில் மேல்படிப்புக்கு இடம் கேட்டு எழுதியிருந்தாய். என்னோடு உன் பெயரும் ஒட்டிக்கொண்டால் கப்பல் ஏற முடியாது. வீட்டுக்கு மூத்தவன். பயந்துவிட்டான், பாவம். துப்பாக்கிக்காரன் எதிரில் யாருக்குத்தான் பயம் வராது? நாளைக்கு அல்லது நாளை மறுநாள் நடுக்கம் தீர்ந்ததும் துரையிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடுவான். அப்படித்தான் ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். பயந்தவனை மன்னிக்கலாம் மச்சான், அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

மூன்றைப் பார்த்தது அங்கேதான். தாளும் பென்சிலும் கிடையாது. குளிக்கிற இடத்தில் ஈரத் தரையில் விரலால் எழுதினேன். விளையாட்டாகத்தான் மூன்றைப் போட்டேன். ஒன்றும் நான்கும் ஐந்து. ஐந்து மூன்றால் வகுபடாது. அடியில் இருந்த அந்தப் பழைய கூட்டல் கண்ணுக்குத் தெரியாத அளவு நாம் மேலே கட்டடம் எழுப்பியிருந்தோம், அடித்தளத்தில் ஓட்டை. கட்டுரை அச்சாகிவிட்டால் மானம் போய்விடும். நம் இரண்டு பேர் மானமும் என்று நினைத்தேன் பார். அதற்குப் பிறகு பல நாள் வேறு நினைப்பே இல்லை. கடைசியில் எங்கே உடைகிறது என்பது தெளிவாயிற்று. பகா எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது அடுக்கை மீதியில்லாமல் வகுத்தால் அங்கே விதி நிற்காது, மற்ற எல்லா இடத்திலும் நிற்கும். அந்த இடங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் கட்டடம் பிழைத்துவிடும்.

பாக்கியம் பார்க்க வந்தாள். கிராணிகளுக்கான ஸ்டாப் வீட்டிலிருந்து அவளை லயத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் தமிழ் தெரிந்த ஒரு காவலர். எழுதிக் கொடுக்க வழியில்லை. அவளுக்கு வாய்ப்பாடு தவிர வேறு கணக்குத் தெரியாது. வேறு வழி இல்லாமல் அவளை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். “மூணுல ஒடையுது. பகா எண்ணுல ஒண்ணு கொறச்சு, அதால அடுக்க வகு. மீதி இல்லாம போச்சுன்னா அங்கெல்லாம் ஒடையும். அதத் தனியா எடுத்து வையி.” காவலர் குறுக்கிட்டு என்ன உடைகிறது என்று கேட்டார். மூன்றாம் லயத்துக் கூரை என்று உன் தங்கை கண்ணிமைக்காமல் சொன்னாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு இன்னொரு தடவை ஆசை வந்தது.

திரும்பும்போது, காவலுக்குப் போலீஸ் வண்டி முன்னே போக, லோரியில் தாப்பா மலைப்பாதையின் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் வந்திருக்கிறாள். கேட்டில் உடம்பைத் தடவிச் சோதித்தபோதும் வாய் நிற்கவில்லையாம், நின்றால் மறந்துவிடும் என்று பயமாம். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உன்னிடம் வந்தாள். வாசலில் நிற்க வைத்துக் கேட்டாய். மறுபடியும் சொல்லச் சொன்னாய். சரி, யாரிடமும் சொல்லாதே, மறந்துவிடு என்றாய். அடுத்த தடவை பார்க்க வந்தபோது அவள் எனக்கு அதை அப்படியே நடித்துக் காட்டினாள். அண்ணன் முகம் மாறிப்போயிற்று, சந்தோஷமா பயமா தெரியவில்லை என்றாள். எனக்கு ஒரு நிம்மதி. மச்சானிடம் சேர்ந்துவிட்டது, இனி அவன் பார்த்துக்கொள்வான்.

பார்த்துக்கொண்டாய்.

நான் வெளியே வந்தபோது நீ சென்னையில் இருந்தாய். மகன் நடக்க ஆரம்பித்திருந்தான், என்னைப் பார்த்து அலறினான். பேக்டரியில் திரும்பவும் வேலை கொடுக்கத் துரைக்கு வெகு காலம் மனம் வரவில்லை. அதற்கிடையில் பாக்கியம் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய இரண்டு அச்சுப் பிரதிகளை எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் அனுப்பியது, எனக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும் என்று பத்திரமாக வைத்திருந்தாள். மேலே உன் கையெழுத்தில் ‘அன்புத் தங்கைக்கு’ என்று இருந்தது.

முதலாவது நம் கட்டுரை. ‘க’ போய் ஒரு கிரேக்க எழுத்து வந்திருந்தது. தலைப்புக்குக் கீழே உன் பெயர் ஒன்றுதான். மூன்றில் உடைகிற அந்த விதி உடைந்தபடியே அச்சாகியிருந்தது. இரண்டாவது சின்னக் குறிப்பு, முன்னைய கட்டுரைக்கு ஆசிரியரே எழுதிய திருத்தம். பகா எண்ணில் ஒன்றைக் கழித்து, அது அடுக்கை வகுக்கும் இடங்களை விலக்கி. தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொண்ட இளைஞன் என்று அதற்குப் பிறகுதான் உனக்கு நல்ல பெயர் வந்ததாம். இந்த மலர்க் கடிதத்தில்கூட உன் மாணவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். கடைசி வரியில் ஒரு பேராசிரியருக்கு நன்றி இருந்தது.

பயந்தவனுக்காகச் சேர்த்து வைத்திருந்த என் வாதமெல்லாம் அன்றோடு தீர்ந்தது. ஆபீசில் போலீஸ்காரன் எதிரில் நீ பயந்தாய், சரி. சென்னையில் மேசை போட்டு உட்கார்ந்து அந்தக் குறிப்பை எழுதியபோது உன் எதிரில் யார் துப்பாக்கி வைத்துக்கொண்டு நின்றார்? நான் முகாமில் இருந்தேன். அது கணக்குத்தான் என்று தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். அந்தக் கணக்கை அச்சுக்குக் கொடுக்கிற நேரத்தில்கூட, அது கணக்குத்தான் என்று துரைக்கு ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை. அச்சுப் பிரதியை ஏன் அனுப்பினாய்? குற்றத்தை ஒப்புக்கொள்ளவா, பெருமையடிக்கவா? யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து நான் படிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அண்ணனிடம் போய்ச் சொன்னது அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. அப்போ அண்ணன் மறக்கவில்லை என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் உங்கள் பேர் எங்கே என்று அவளே விரலை வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் என் பெயரின் எழுத்துகள் அவளுக்குத் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் பார்த்தவள். முதல் பக்கம் தேடினாள், கடைசிப் பக்கம் தேடினாள். பிறகு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என் வாயாலேயே உங்களத் தூக்கிக் குடுத்துட்டேனே.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உன் மேல் என்ன தப்பு, சொல்லச் சொன்னது நான்தானே என்றேன். அவள் மண்டையில் ஏறவில்லை. அன்று நேராக அண்ணன் வீட்டுக்குப் போகாமல், முணுமுணுப்பதைப் பாதியில் நிறுத்தி எல்லாவற்றையும் மறந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பாள். கொழுந்து பறித்தாள், பிள்ளைகளை வளர்த்தாள், கோயில் திருவிழாவில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ஆனாலும் அது அவளுக்குள் இருந்தது. சாமி கும்பிடும்போது என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை நான் ஒட்டுக் கேட்டிருக்கிறேன். என் பெயரை நீ எடுத்துக்கொண்டது எனக்குச் சின்ன நட்டம். பேக்டரி கிராணிக்குக் கணித இதழில் பெயர் வந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றும் செய்யாத உன் தங்கை வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியாக இருந்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது போயிருக்கும். சொல்வதற்கு உனக்கு ஒரு நாளும் கிடைத்தது.

கோலாலம்பூரில் ஏதோ மாநாட்டுக்கு வந்தவன் கார் வைத்துக்கொண்டு மேலே வந்தாய். தலை நரைத்து, கோட்டு போட்டு, கையில் திராட்சைப் பழம். வருகிற வழியில் கியா பார்ம் கடைகளில் சோளம் வாங்கித் தின்றதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினாய். என்னை மாப்ளே என்றுதான் கூப்பிட்டாய், பழைய மாதிரியே. முதல் நாள் இரவே பாக்கியம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அண்ணனை எதுவும் கேட்கக் கூடாது, கேட்பதாக இருந்தால் அவளே கேட்பாள் என்று. ஆட்டுக் கறி சமைத்தாள். இலையில் உனக்கு முதலில் பரிமாறினாள். நீ பாதி சாப்பிட்டிருக்கும்போது அகப்பையைக் கையில் வைத்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அவரு உள்ள இருந்தப்ப நான் வந்து ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

நீ தலையைத் தூக்கினாய். ஆபீசில் அந்தத் தாளில் நின்ற அதே கண். எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும் மச்சான், அது எல்லாவற்றையும் வாசிக்கிற கண். பிறகு சிரித்தாய்.

“எதும்மா? எவ்ளோ காலம் ஆச்சு. ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுலா.”

பாக்கியம் இன்னும் ஒரு அகப்பைக் கறி உன் இலையில் போட்டாள். நீ போதும் போதும் என்று கையை மறித்தாய். காரில் ஏறும்போது அவளுக்கு நூறு வெள்ளி நோட்டை மடித்துக் கொடுத்தாய், வாங்கிக்கொண்டாள். ஆபீசில் நீ சொன்னதைவிட இது பெரிய துரோகம் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அங்கே உன்னிடம் கேட்டது போலீஸ். இங்கே கேட்டது கூடப்பிறந்தவள், சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்.

உன் மாணவருக்கான பக்கத்தை இன்று காலை எழுதி முடித்துவிட்டேன். பயப்படாதே, நல்ல பையனாகத்தான் எழுதியிருக்கிறேன். வாட்டு மாடி, பெட்டித் தாள், முப்பதும் தொண்ணூற்றொன்றும், நீ தட்டைத் தட்டியது எல்லாம் இருக்கிறது. முதல் கட்டுரை இரண்டு பேர் செய்தது என்றும், இரண்டாவது கட்டுரையில் உள்ள திருத்தத்தைத் தடுப்பு முகாமிலிருந்து ஆசிரியரின் தங்கை பாக்கியம் வாய்வழியாகக் கொண்டுவந்து சேர்த்தாள் என்றும் நடுவில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். என் பெயரைப் போடுவதும் விடுவதும் அவர் இஷ்டம், அவள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மரியாதையான பிள்ளை, என்ன செய்கிறார் என்று பார்ப்போம். எடுத்துவிட்டாலும் எடுத்துவிடுவார். உன்னிடம் படித்தவர்தானே.

அந்தப் பக்கத்தில் எழுதாதது ஒன்று இருக்கிறது. அது உனக்கு மட்டும்.

பாக்கியம் கடைசி மாதங்களில் ஆட்களை மறந்துவிட்டாள். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியவில்லை, என்னைப் பேக்டரிக்காரர் என்று நினைத்துக்கொண்டு இலை எப்போது எடை போடுவீர்கள் என்று கேட்பாள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூணுல ஒடையுது என்று ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை, ஒண்ணு கொறச்சு, அதால அடுக்க வகு, எல்லாம் கடைசி வரை சொன்னாள். மூச்சு வாங்கியது. சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, சரியா வந்து சொல்லிட்டேனா?”

நான் உன் அண்ணன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் உன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், இத்தனை வருடமாக அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

“சரியா சொன்னம்மா. நீ வந்து சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

கையை விடவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போல் என் முகத்தையே பார்த்தாள்.

“அவரு பேரப் போட்டியா?”

“போட்டுட்டேம்மா. மொதல்ல அவரு பேருதான்.”

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. பிடி தளர்ந்து தூங்கிப்போனாள். கிண்ணத்தில் கஞ்சி ஆறிக் கிடந்தது, நான் எழுந்திருக்கவில்லை. உன் தங்கைக்கு நீ சொல்ல வேண்டியதை உன் குரலில் நான் சொன்னேன் மச்சான், எனக்கு நீ சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிக்கொண்டேன். அவள் போய்விட்டாள், நீயும் போய்விட்டாய். உன் குரல் மட்டும் இன்னும் என் தொண்டையில் இருக்கிறது, அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.